மனநோய்க்குக் காரணம் தேடிய மாமேதை
டாக்டர் கிரீந்திரசேகர போஸ்

கொழும்பிலே ஒருவனை இழித்துரைக்க விரும்புவோர் அவனுக்கு அங்கொடைக்கு வழிகாட்டுவது வழக்கம். காய்ச்சற்காரனுக்கு இரங்கும் நாம் மனநோயாளனைக் கண்டு நகைக்கிறோம். அன்றேல் பேய் பிடித்ததென்று வீட்டினுள் மறைக்கிறோம். இந்நோய்க்கும் காரணம் உண்டு எனத் தேடிப் புறப்பட்ட இந்திய அறிஞருள் முன்னோடி டாக்டர் கிரீந்திரசேகர போஸ் ஆவர்.

இவர் 1887ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் தர்பங்கா மகாராசாவின் திவான். பரசுராம் என்ற புனைபெயரில் நகைச்சுவைக் கதைகள் எழுதிப் புகழ்பெற்ற இராஜசேகர போஸ் இவருடைய தமையனார். 1910இல் கல்கத்தாவில் வைத்தியப் பட்டம் பெற்றபின், மனநோயாளரைக் குணப்படுத்துவதில் ஈடுபட்டார். வைத்தியராயிருந்தும் மீண்டும் மாணவராகி, 1917இல் உளநூலில் முதுமாணிப் பட்டமும், மன அடக்கம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1921இல் கலாநிதிப் பட்டமும் பெற்றார். அந்நூலை வியன்னாவிலிருந்த பிராய்டுக்கு அனுப்பினார். அவரும் பாராட்டி மறுமொழி எழுதினார். 1922இல் போஸ் தம் இல்லத்திலேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார்.

பிராய்டை மதித்தாரேயன்றி, அவர் கூறிய யாவற்றையும் இவர் ஏற்றாரல்லர். ஒவ்வோர் ஆசையோடும் அதற்கு மாறான ஆசையும் மனத்தில் உண்டு என்பது இவர் கொள்கை. அடிக்க விரும்பும் மனத்திலே அடிபட விரும்பும் ஆசையும் பதுங்கியிருக்கும். ஒன்று மேலெழ, மற்றது அமுக்கப்படும். அப்போராட்டமே நோயாக வெளிப்படும். மறைந்த ஆசையை நோயாளன் தானே உணரச் செய்வதே இவர் கையாண்ட சிகிச்சை.

பகவத்கீதையையும் யோக சூத்திரத்தையும் உளநூற் கண்கொண்டு ஆராய்ந்தவரும் இவரே. 1931இல் பிராய்டின் எழுபத்தைந்தாவது பிறந்த நாளுக்குத் தந்தத்தாலான விஷ்ணு சிலை ஒன்று இவர் சங்கத்திலிருந்து சென்றது. பிராய்ட் அதனைத் தம் மேசைமீது வைத்துக்கொண்டார். எனினும் இருவரும் நேரிற் சந்தித்ததேயில்லை.

1940இல் இவர் முயற்சியால் லும்பினி பார்க் மனநோய் வைத்தியசாலை கல்கத்தாவில் தோன்றியது. 1953இல் இவர் மறைந்தார்.

மூளையின் இயல்பு, பரம்பரை, வளர்ப்பு, வாழ்க்கைத் துன்பம் ஆகிய பலவும் சேர்ந்தே மனநோயை விளைவிக்கின்றன என்று இன்றைய அறிஞர் கொள்வர். போஸின் கொள்கை முற்றமுடிந்த உண்மையன்று. ஆயினும் நகைப்புக்கிடமான நோயாளனுடைய பேச்சிலும் பொருளுண்டு என்று அமர்ந்து கேட்டாரே, அச்செயல் என்றும் போற்றத்தக்கது. இளைஞர்காள்! நம் அயலிலே மனம் நொந்த ஒருவரைக் காணின், பட்டப்பெயர் சூட்டாது செவிகொடுப்போம். தயங்காது வைத்தியரிடம் அழைத்துச் செல்வோம்.