மூலகங்களுக்கு இலக்கம் கொடுத்த மோஸ்லி: திருகோணமலைக்கு வந்தவரின் மகன்

சனிக்கிழமை பின்னேரம். தமிழ்ப் பள்ளிக்கூடம் முடிஞ்சு வந்த மூத்தவள், சாப்பிட்ட கோப்பையைக்கூடக் கழுவாமல் ஆவர்த்தன அட்டவணையை மேசையில் விரிச்சு வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். ஏ-லெவல் இரசாயனவியல். கோபாற்று நிக்கலைவிடப் பாரம் கூட, பிறகேன் அது நிக்கலுக்கு முன்னுக்கு நிற்கிறது என்பது அவளுடைய கேள்வி. அணுவெண் வரிசைப்படி அடுக்கியிருக்கு, கோபாற்று 27, நிக்கல் 28 என்றேன். அது தனக்கும் தெரியும், அந்த இலக்கத்தை யார் கொடுத்தது, எதை வைத்துக் கொடுத்தது என்று திருப்பிக் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஊரில் உயர்தரத்துக்கு இதே அட்டவணையை மனப்பாடம் செய்தவன் நான். ஒரு நாளும் இப்படிக் கேட்கவேணும் என்று தோன்றினதில்லை.

எட்மண்டன் வீட்டில் இரண்டு கிழமை இரவுகளில் தேடி வாசித்தேன். வாசிக்கத் தொடங்கின இடம் இங்கிலாந்து. அது என்னைக் கொண்டுபோய் விட்ட இடம் என் சொந்த ஊர்.

1871 டிசம்பர் 12ஆம் திகதி காலை திருகோணமலையில் சூரியன் முழுவதுமாக மறைந்தது. யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான். அந்தப் பூரண கிரகணத்தை ஆராய பிரித்தானிய அரசு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரு குழுவை அனுப்பியிருந்தது. திருகோணமலையில் நிறமாலைகாட்டியோடு நின்று சூரியனின் ஒளிவட்டத்தைப் பார்த்தவர் ஹென்றி நொட்டிஜ் மோஸ்லி. அப்போது அவருக்கு வயது 27. உண்மையில் அவர் ஓர் உயிரியலாளர். கிரகணம் முடிஞ்ச கையோடு இலங்கையில் தட்டைப்புழுக்களைச் சேகரிக்கத் தொடங்கிவிட்டார். அடுத்த ஆண்டு சலஞ்சர் கப்பலில் உலகைச் சுற்றிக் கடலை ஆராயப் போனார். பிறகு ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்.

அவருடைய மகன்தான் நான் தேடின ஆள். ஹென்றி மோஸ்லி, வீட்டில் ஹரி. 1887 நவம்பர் 23இல் வேமவுத் என்ற கடற்கரை ஊரில் பிறந்தவர். நாலு வயது முடிய இரண்டு கிழமை இருக்கும்போது தகப்பன் இறந்துபோனார். தாய் அமபெல் பிள்ளைகளை வளர்த்தார். அவரும் ஓர் ஆய்வாளரின் மகள்தான். அவருடைய தகப்பன் சிப்பி சங்குகளைப் பற்றி எழுதினவர். ஹரி புலமைப்பரிசில் பெற்று ஈட்டன் கல்லூரிக்குப் போனார், அங்கிருந்து ஒக்ஸ்போர்ட் டிரினிட்டி கல்லூரிக்கு. 1910இல் பௌதிகவியலில் இரண்டாம் வகுப்புத்தான் கிடைத்தது. அதில் அவருக்குப் பெரிய மனக்கவலை. பிள்ளையின் பரீட்சை முடிவைப் பார்த்து இடிஞ்சுபோய் இருக்கிற எங்கட பெற்றோர் இந்த வரியை இன்னொருக்கால் வாசிக்கலாம்.

அதே ஆண்டு மன்செஸ்டர் போய் ரதர்போர்டிடம் சேர்ந்தார். அணுவுக்கு நடுவில் ஒரு கரு இருக்கு என்பதை ரதர்போர்ட் அறிவித்தது 1911இல், அந்த ஆய்வுகூடத்திலிருந்துதான். மோஸ்லிக்குக் கிடைத்தது மாணவர்களுக்குச் செய்முறை காட்டுகிற வேலை. அதை அவர் விரும்பிச் செய்யவில்லை. அந்த வகுப்பில் இருந்த இந்திய, பர்மிய, எகிப்திய மாணவர்களைப் பற்றி வீட்டுக்கு எழுதின கடிதத்தில் மிகக் கேவலமாக எழுதியிருக்கிறார். வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் மகள் அந்த வகுப்பில் இருந்திருந்தால் அவளைப் பற்றியும் அப்படித்தான் எழுதியிருப்பார். இதை மறைத்து அவரை ஒரு மகானாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. ஆனால் மற்றதையும் சொல்லத்தான் வேணும்.

ஒவ்வொரு மூலகமும் தனக்கென்று ஒரு வகை எக்ஸ்-கதிரை வெளிவிடும் என்பதை பார்க்லா என்பவர் ஏற்கனவே கண்டிருந்தார். பளிங்கு ஒன்று எக்ஸ்-கதிர்களைப் பிரித்துக் காட்டும் என்பது 1912இல் ஜேர்மனியில் தெரிந்தது. மோஸ்லி இந்த இரண்டையும் சேர்த்தார். முதலில் சார்ல்ஸ் டார்வினின் பேரனோடு சேர்ந்தும், பிறகு தனியாகவும் வேலை செய்தார். அவர் அமைத்த கருவி கிட்டத்தட்ட ஒரு விளையாட்டுச் சாமான். கண்ணாடிக் குழாய்க்குள் குட்டித் தண்டவாளம், அதில் ஓடுகிற குட்டி வண்டி, வண்டியில் வரிசையாக உலோகத் துண்டுகள். மீன் பிடிக்கிற பட்டு நூலால் வண்டியை இழுத்து ஒவ்வொரு துண்டாக இலத்திரன் கற்றைக்கு முன்னால் நிறுத்துவார். அடிபட்ட உலோகம் எக்ஸ்-கதிரை விடும். பளிங்கில் பட்டுப் பிரிந்த கதிர் புகைப்படத் தகட்டில் இரண்டு கோடாக விழும். கல்சியம் போன்றவற்றின் கதிர் காற்றிலேயே கரைஞ்சு போய்விடும் என்பதால் பளிங்கையும் தகட்டையும்கூட வெற்றிடத்துக்குள் வைத்தார். இரவிரவாக வேலை. மன்செஸ்டரில் அதிகாலை 3 மணிக்கு எந்தக் கடையில் சாப்பாடு கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியும் என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

கல்சியத்திலிருந்து நாகம் வரை படம் எடுத்து, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக அடுக்கினார். கோடுகள் படிக்கட்டு மாதிரி இறங்கின. நாகத்தைத் தனியாகச் சூடாக்கினால் ஆவியாகிவிடும். அதனால் அதன் இடத்தில் பித்தளையை வைத்தார். பித்தளை என்றால் செம்பும் நாகமும். தகட்டில் செம்பின் கோடுகளும் நாகத்தின் கோடுகளும் தனித்தனியே விழுந்தன. எங்கட வீட்டுக் குத்துவிளக்கை வைத்திருந்தாலும் அதைத்தான் காட்டியிருக்கும்.

அந்தக் கதிர்களின் அதிர்வெண்ணுக்கு, நாங்கள் பள்ளியில் மீடிறன் என்று படித்ததுக்கு, வர்க்கமூலம் எடுத்தால் ஒரு மூலகத்திலிருந்து அடுத்ததுக்குப் போகும்போது ஒரே அளவு கூடுகிறது. அணுவின் நிறை இப்படிச் சீராகக் கூடுவதில்லை. கருவில் இருக்கிற நேரேற்றம் ஒவ்வொன்றாகக் கூடுகிறது, அந்த எண்ணிக்கைதான் மூலகத்தின் அடையாளம் என்று மோஸ்லி சொன்னார். அட்டவணையில் மூலகத்துக்கு ஓர் இலக்கம் இருக்கலாம் என்பதை ஒல்லாந்தைச் சேர்ந்த வான் டென் புரூக் ஊகித்திருந்தார். அதை அளந்து காட்டினது மோஸ்லி. கோபாற்றின் படி நிக்கலுக்கு முந்தினது. பாரம் கூடினாலும் அதற்கு ஏற்றம் ஒன்று குறைவு. மகளின் கேள்விக்குப் பதில் 1913இலேயே கிடைத்துவிட்டது.

அந்த ஆண்டு முடிவில் தாயின் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கவென்று ஒக்ஸ்போர்ட் திரும்பினார். சம்பளம் இல்லாமல் இன்னொருவரின் ஆய்வுகூடத்தில் இடம் பிடித்து, அலுமினியத்திலிருந்து பொன் வரை, 13இலிருந்து 79 வரை, வரிசையை நீட்டினார். நீட்டின இடத்தில்தான் பெரிய விசயம் தெரிந்தது. சில படிகளில் யாருமே இல்லை. 43, 61, 75 ஆகிய இடங்களை வெறுமையாக விட்டார். அதுவரை இன்னும் எத்தனை மூலகம் கண்டுபிடிக்க இருக்கு என்று எவராலும் சொல்ல முடியாது. அருமண் உலோகங்களில் புதுசு புதுசாக ஒவ்வொருவர் ஒவ்வொன்றை அறிவித்துக்கொண்டிருந்தார்கள். பிரான்சிலிருந்து உர்பேன் என்ற பேராசிரியர், பல ஆண்டு பாடுபட்டுப் பிரித்த மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு 1914இல் ஒக்ஸ்போர்ட் வந்தார். தான் கண்ட புது மூலகம் ஒன்றும் அதில் இருக்கு என்று நம்பியிருந்தார். சில நாளில் மோஸ்லி எல்லாவற்றையும் எண்ணி முடித்தார். அந்தப் புது மூலகம் அங்கே இல்லை.

சரி, இது பழைய கதைதானே என்று நினைக்கக்கூடும். ஒக்ஸ்போர்டுக்குத் தெற்கே ஹார்வெலில் டயமண்ட் லைட் சோர்ஸ் என்ற ஆய்வு நிலையம் 2007இலிருந்து இயங்குகிறது. 562 மீற்றர் சுற்றளவுள்ள வளையம். அதற்குள் இலத்திரன்கள் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் ஓடும். காந்தங்கள் அவற்றை வளைக்கிற ஒவ்வொரு இடத்திலும் கடும் ஒளி தெறிக்கும். அதுதான் சின்குரோட்ரோன் கதிர். மோஸ்லியின் குழாயில் உலோகம் என்ன கதிரைத் தந்ததோ அதை அவர் வாங்கிக்கொள்ள வேணும். இங்கே எந்த சக்தியில் எக்ஸ்-கதிர் வேணும் என்று தெரிவு செய்யலாம். இரும்பைத் தேடினால் சுமார் 7,100 இலத்திரன் வோல்ட்டுக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள், செம்பு என்றால் 9,000க்குக் கிட்ட. அந்த இடத்தைத் தாண்டினவுடன் கதிரை உறிஞ்சுகிற அளவு சடாரென்று ஏறும். ஏறின பிறகு வருகிற சிறு அலைகளைப் பார்த்து அந்த அணுவுக்குப் பக்கத்தில் எந்த அணு, எவ்வளவு தூரத்தில் இருக்கு என்று கணக்கிடலாம். 1545இல் மூழ்கி 1982இல் தூக்கின மேரி ரோஸ் கப்பலின் மரத்தைக் கந்தகமும் இரும்பும் எப்படி அரிக்கின்றன என்று பார்த்ததும் இந்த வழியில்தான். இந்தியாவில் இந்தோரில் இண்டஸ்-2 என்ற வளையம் இருக்கு. எந்த நாட்டு வளையமாக இருந்தாலும், எந்த மூலகத்துக்கு எந்த சக்தி என்ற ஒழுங்கு மோஸ்லி போட்ட படிக்கட்டுத்தான்.

1914 கோடையில் அவர் தாயோடு அவுஸ்திரேலியாவுக்கு ஒரு விஞ்ஞான மாநாட்டுக்குப் போனார். வழியில் இருக்கும்போதே முதலாம் உலகப் போர் தொடங்கியது. மாநாட்டில் பேசிவிட்டு அவசரமாகத் திரும்பி, படையில் சேர்ந்தார். ஒருவரும் கட்டாயப்படுத்தவில்லை, கட்டாய ஆட்சேர்ப்பு அப்போது வரவும் இல்லை. போகவேண்டாம் என்று வீட்டிலும் சொன்னார்கள், ரதர்போர்டும் விரும்பவில்லை. கேட்கவில்லை. பொறியியல் படையில் தகவல் தொடர்பு அதிகாரி. 1915 ஓகஸ்டில் கலிப்பொலியில் சுனுக் பயர் மலைக்குக் கீழே நின்றார். அதே மலையை ஏறப் போனவர்களில் இந்திய பிரிகேட்டின் கூர்க்காக்களும் சீக்கியர்களும் இருந்தார்கள். மன்செஸ்டரில் அவர் முகம் சுளித்த நாட்டவர்களின் பிள்ளைகள், அங்கே பக்கத்துப் பள்ளத்தில்.

ஓகஸ்ட் 10 காலை துருக்கிப் படை மேலிருந்து இறங்கியது. தொலைபேசியில் கட்டளை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்த மோஸ்லியின் தலையில் குண்டு பட்டது. வயது 27. திருகோணமலையில் கிரகணம் பார்த்தபோது தகப்பனுக்கு இருந்த வயது. உடல் கிடைக்கவில்லை. ஹெலஸ் நினைவுத்தூபியில் பேர் மட்டும் இருக்கு. போர்முனைக்குப் போகிறபோது எழுதின உயிலில் சொத்து முழுவதையும் ஆராய்ச்சிக்கென்று ரோயல் சொசைட்டிக்கு விட்டிருந்தார். அந்த ஆண்டு நொபெல் பரிசுக்கு அவருடைய பேர் முன்மொழியப்பட்டிருந்தது. இறந்தவர்களுக்கு அந்தப் பரிசு இல்லை. 1917ஆம் ஆண்டுக்குரியது பார்க்லாவுக்கும், 1924ஆம் ஆண்டுக்குரியது எக்ஸ்-கதிர் நிறமாலையை மேலே கொண்டுபோன சுவீடனின் சீக்பானுக்கும் போனது.

இப்படிப்பட்ட மூளையைச் சாதாரண அதிகாரியாகப் போர்முனைக்கு அனுப்பினது தேசத்துக்கு நட்டம் என்று ரதர்போர்ட் எழுதினார். அந்தப் போரில் செத்த எல்லாரிலும் விலை கூடின சாவு இதுதான் என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள். அடுத்த போரில் விஞ்ஞானிகளை ஆய்வுகூடத்திலேயே வைத்திருந்ததுக்கு இவருடைய கதையும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. எனக்கு இந்தக் கணக்கில் பாதிதான் சரியாகப் படுகிறது. படிக்கிற பிள்ளையைக் காப்பாற்ற வேணும் என்பது சரி. ஆனால் படிக்காத பிள்ளையின் சாவு விலை குறைஞ்சது என்று அதுக்குள்ளே ஒரு சொல் ஒளிஞ்சிருக்கு. எங்கட சமூகமும் அப்படிப் பேசுகிறது. எத்தனை டொக்டர், எத்தனை எஞ்சினியர் போயிட்டுது என்று கணக்குச் சொல்வோம். என் வகுப்பில் பௌதிகவியலில் எங்கள் எல்லாரையும்விடக் கெட்டிக்காரன் ஒருவன் இருந்தான். ஒரு நாள் போனவன் வரவில்லை, உடலும் வரவில்லை. அவனுக்குப் பக்கத்து வாங்கில் கணக்கில் எப்பவும் பெயில் விடுகிறவனும் அதே மாதம்தான் போனான். இரண்டு தாய்மாரும் ஒரே ஒழுங்கையில் இருந்தார்கள். பரீட்சைப் புள்ளியை வைத்து அவர்களுக்குள் துக்கத்தைப் பிரிக்க என்னால் முடியாது. இரண்டு பேரும் இன்றைக்கும் திவசம் கொடுக்கவில்லை, வருவான் என்றுதான் இருக்கிறார்கள்.

மோஸ்லியிடம் என்னைப் பிடித்து நிறுத்தினது அந்த வெறும் இடங்கள்தான். யார் இல்லை என்று தெரியாது, ஆனால் எத்தனை பேர் இல்லை, எந்தெந்த இடத்தில் இல்லை என்று துல்லியமாகச் சொன்னார். இடத்தை மூடிவிடவில்லை, வேறொன்றைத் தள்ளி வைத்து நிரப்பவும் இல்லை. ஆட்களைப் பொறுத்தமட்டில் அப்படி ஒரு பட்டியலை எங்கட நாடு இன்னும் போட்டு முடிக்கவில்லை.

அவர் விட்ட இடங்களில் 75 ரேனியமாக 1925இல் கிடைத்தது. 43 இத்தாலியில் 1937இல், டெக்னீசியம். கடைசியாக 61, புரோமேதியம், 1945இல் அமெரிக்காவில். உர்பேன் தேடின 72ஆம் இடத்துக்கு உரியது 1923இல் கோபன்ஹேகனில் மோஸ்லியின் வழியிலேயே அகப்பட்டது, அதுக்குப் பேர் ஹாப்னியம்.

இதெல்லாவற்றையும் மகளுக்குச் சொன்னேன், அந்தக் கடிதத்தையும் சேர்த்துத்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, தாத்தாவின் ஊரில் அந்தத் தகப்பன் எந்த இடத்தில் நின்று கிரகணம் பார்த்தவர் என்று கேட்டாள். அடுத்த விடுமுறைக்கு அவளை ஒக்ஸ்போர்ட் கூட்டிக்கொண்டு போகிறேன். மோஸ்லி வேலை செய்த கட்டடத்துச் சுவரில் அவருடைய பேர் பொறித்த பலகை இருக்கு.