போத்தனூர் அம்மையாரின் மைந்தர்: கணினி மேதை ஆலன் டூரிங்

சென்னையில் இருந்து திருவள்ளூர் வழியாக அரக்கோணம் செல்லும் ரெயில் பாதையை அந்தக் காலத்தில் நடத்தி வந்தது மெட்ராஸ் ரெயில்வே கம்பெனி. அதன் தலைமை என்ஜினீயராக இருந்தவர் எட்வர்டு ஸ்டோனி. அவருடைய மகள் சாரா, கோவையை அடுத்த போத்தனூரில் பிறந்தார். சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த ஜூலியஸ் டூரிங்கை மணந்தார். இவர்களுடைய இளைய மகன்தான் உலகப் புகழ் பெற்ற ஆலன் டூரிங்.

ஆலன் 1912-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி லண்டனில் பிறந்தார். தந்தைக்கு இந்தியாவில் உத்தியோகம். ஆகவே பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்தாரின் பராமரிப்பில் வளர்ந்தனர்.

இரு வகை எந்திரம்

கேம்பிரிட்ஜில் கணிதம் கற்ற டூரிங், 1936-ல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். இன்றைய கணினி அப்போது பிறக்கவில்லை. மனத்திலேயே ஓர் எந்திரத்தை அமைத்தார். அதில் இரு வகை உண்டு என்றார். ஒன்று, தானே இயங்குவது. அடுத்த அடி என்ன என்பது முன்பே முடிவானது. எத்தனை முறை ஓட்டினாலும் விடை மாறாது. மற்றொன்று, நடுவில் நின்றுவிடும். வெளியே இருப்பவர் ஒன்றைத் தேர்ந்து சொன்னால்தான் நகரும்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் 'எனிக்மா' ரகசியக் குறிகளை உடைக்க வழி கண்டவர்களில் டூரிங் முதன்மையானவர். போருக்குப் பின், 1948-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். புரோகிராம்களில் பிழை இல்லை என்று சோதித்து அறிவது எப்படி என 1949-ல் கேம்பிரிட்ஜில் விளக்கினார்.

1951-ல் மான்செஸ்டருக்கு பெராண்டி கம்பெனியின் கணினி வந்தது. டூரிங்கின் யோசனைப்படி அதில் ஒரு புதுமை இருந்தது. மின்சார இரைச்சலில் இருந்து, குலுக்கல் சீட்டுப் போல, முன்கூட்டி அறிய முடியாத எண்களை அது எடுத்துத் தரும். ஆனால் அந்த எண்ணைப் பயன்படுத்தும் புரோகிராம் இரண்டாம் முறை அதே வழியில் ஓடாது. பிழை எங்கே என்று தேடுவது எப்படி?

லாரி போன பிறகு

அந்தத் தலைவலி இன்றும் உண்டு. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் எடை மேடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். லாரி ஏறுகிறது. கணினி எடையைப் பார்த்து, நேரத்தைக் குறித்து, ரசீது அச்சிடுகிறது. கணக்கு தவறு! மறுபடி ஓட்டிப் பார்க்கலாம் என்றால், லாரி கொல்கத்தா நெடுஞ்சாலையில் போய்விட்டது. கடிகாரமும் நகர்ந்துவிட்டது.

புரோகிராம் நேராக வெளியுலகைத் தொடுவதில்லை. எடை, நேரம் எல்லாவற்றையும் இயங்குதளம் என்ற நிர்வாகியிடம் கேட்டுத்தான் பெறும். பின்னோக்கிச் சென்று பிழை தேடும் கருவிகள் இந்த வாசலில் காவல் இருக்கின்றன. மொசில்லா நிறுவனத்தில் உருவான 'ஆர்.ஆர்.' அத்தகையது. இயங்குதளம் தந்த ஒவ்வொரு பதிலையும் அது குறித்து வைக்கும். மறுபடி ஓட்டும்போது இயங்குதளத்துக்குப் பதிலாகக் குறிப்பேடு பதில் சொல்லும். அதே எடை, அதே நேரம், அதே பிழை! பின்னே போக வேண்டுமானால், முன்பு சேமித்த இடத்துக்குத் திரும்பி, வேண்டிய இடம் வரை மீண்டும் ஓட்டுகிறது. டூரிங் சொன்ன இரண்டாம் வகை எந்திரம் இப்படி முதல் வகையாகி விடுகிறது.

ஆனால், ஏற்கெனவே டிரைவர் கைக்குப் போன ரசீதை எந்தக் கருவியாலும் திரும்ப வாங்க முடியாது.

காலம் கடந்த மன்னிப்பு

ஆண்களுக்கு இடையிலான உறவு அப்போது இங்கிலாந்தில் குற்றம். 1952-ல் டூரிங் தண்டிக்கப்பட்டார். சிறைக்குப் பதில் ஹார்மோன் சிகிச்சையை ஏற்றார். 1954-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி சயனைடு விஷத்தால் இறந்தார். வயது 41. தற்கொலை என்று விசாரணையில் முடிவு செய்யப்பட்டது.

2009-ல் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுன் வருத்தம் தெரிவித்தார். 2013-ல் ராணி எலிசபெத் மன்னிப்பு வழங்கினார். 2021-ல் 50 பவுண்டு நோட்டில் டூரிங்கின் படம் வெளிவந்தது.

மகனின் வரலாற்றை 1959-ல் நூலாக வெளியிட்ட சாரா அம்மையார், 1976-ல் காலமானார். இவற்றில் ஒன்றையும் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.