மூன்று ஊர்களில் ஒரே நாளில்

1937 பிப்ரவரி 10. காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி திறக்கப்பட்டது. அதன் நிறுவனர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியாருக்கு அப்போது வயது 28. இரு பெருநகரங்களுக்கு இணையாகச் சிற்றூரான காரைக்குடியும் அந்த வரிசையில் இருந்ததே அவரைப் புரிந்துகொள்ளப் போதுமானது என்று நான் கருதுகிறேன்.

1908-இல் பிறந்த அவருடைய பூர்விகம் கானாடுகாத்தான். அவ்வூர் வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்கள், அன்று வளரும் சந்தையாக இருந்த நாட்டோடு நகரத்தார் கொண்டிருந்த உறவுக்குச் சான்று. பெட்டியடிப் பையனாகக் கப்பலேறியவன் அடுத்தாளாகி, மேலாளாக உயர்வான். உறவுமுறையே பிணை, நாணயம் தவறினால் ஊரில் பெண் கொடுக்க மாட்டார்கள். ஐராவதி டெல்டாவின் சதுப்பு நிலங்கள் நெல்வயல்களானது பெருமளவு இந்த மூலதனத்தால்தான்.

ஆனால், அத்தனை பணமும் ஒரே நாட்டில், ஒரே பயிரை நம்பி நின்றது. 1930-இல் நெல் விலை சரிந்தது. கடன் திரும்பவில்லை, அடமான நிலங்களே வந்து சேர்ந்தன. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசமிருந்த நிலம் 1930-இல் 6 சதவீதம். 1938-இல் ஏறத்தாழ 25 சதவீதம். கடன் கொடுத்தவர் கேட்டது பணத்தை, நிலத்தை அல்ல. நிலமிழந்த பர்மிய விவசாயிக்கு அந்த வேறுபாட்டால் என்ன பயன்? கடல் கடந்த பெருமையைப் பேசும் நாம் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறோம்.

சிதம்பரம் செட்டியார் தொடங்கியது இன்னொரு வட்டிக்கடை அன்று. சமூகத்துக்கு வெளியிலிருந்தும் வைப்புத்தொகை பெற்று, ஐரோப்பிய வங்கிகளின் பிடியிலிருந்த அந்நியச் செலாவணித் தொழிலில் அவர் இறங்கினார். பினாங்கிலும் கிளை திறந்தார். உறவின் நம்பிக்கையைச் சட்டத்தின் நம்பிக்கையாக மாற்றிய துணிவு அது. காலமோ கடுமையானது. வங்கி திறந்த 50-ஆம் நாள், ஏப்ரல் 1-இல், பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. 1942-இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கியது. நிலத்தை நம்பியவர்கள் அனைத்தையும் இழந்தனர். பல நாடுகளில் வேரூன்றிய வங்கி நிலைத்தது.

1954 மார்ச் 13-இல் சிங்கப்பூரின் கல்லாங் விமான நிலையத்தில் தரையிறங்கிய விமானம் தீப்பற்றியது. 33 பேர் மாண்டனர். அவர்களுள் சிதம்பரம் செட்டியாரும் ஒருவர். வயது 45. வங்கி 1969-இல் அரசுடைமையானது. அதன் சிங்கப்பூர்க் கிளை இன்றும் இயங்குகிறது.