மூன்றாம் முயற்சியில் தேறிய மருத்துவ மேதை சுப்பாராவ்

எஸ்.பி.எம். தேர்வில் ஒருமுறை சறுக்கினாலே வாழ்க்கை முடிந்தது என்று நினைப்பவர்கள் நம்மில் உண்டு. எல்லாப்பிரகட சுப்பாராவ் மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்றாம் முயற்சியில்தான் தேறினார். சென்னை இந்து உயர்நிலைப் பள்ளி மாணவர் அவர்.

அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் 1895-ஆம் ஆண்டு பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது, காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்தார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது.

அவருடைய அண்ணன் ‘ஸ்புரூ’ என்னும் குடல் நோயால் இறந்தார். இந்நோய் கண்டவரின் குடல், உணவிலுள்ள சத்துகளைச் சரியாக உறிஞ்சாது. அதனால் கடுமையான இரத்தச்சோகை உண்டாகும்.

இதைப் புரிந்துகொள்ள நம் உடலின் ஏற்பாட்டை அறிய வேண்டும். உடலில் உயிர்வளி குறைந்தால் சிறுநீரகம் அதை உணர்ந்து, எரித்ரோபொய்ட்டின் என்ற இயக்குநீரை அதிகமாகச் சுரக்கும். எலும்பு மஜ்ஜை உடனே சிவப்பணு உற்பத்தியைக் கூட்டும். உயரமான மலைகளில் வாழ்பவர்களுக்குச் சிவப்பணுக்கள் பெருகுவது இதனால்தான். ஸ்புரூ நோயாளியின் சிறுநீரகமும் இதே கட்டளையை அனுப்புகிறது. ஆனால், புதிய அணுக்களுக்கான டி.என்.ஏ. உருவாக ஃபோலிக் அமிலம் தேவை. அது இல்லாவிட்டால் அணுக்கள் பெருத்து, முதிர்வதற்குள் மஜ்ஜையிலேயே அழிந்துவிடும். கட்டளை வந்தும் பயனில்லை.

1922-இல் சுப்பாராவ் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். செலவுக்காக மருத்துவமனையில் இரவுநேரப் பணியாளராக வேலை செய்தார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து, உடலணுக்களின் ஆற்றலுக்கு அடிப்படையான ஏ.டி.பி. குறித்து ஆராய்ந்தார். 1940-இல் லெடர்லி நிறுவனத்தில் சேர்ந்தார். கல்லீரலிலிருந்து மிகச் சிறிதளவே பிரித்தெடுக்க முடிந்த ஃபோலிக் அமிலத்தை, அவர் தலைமையிலான குழு 1945-இல் செயற்கையாகத் தயாரித்தது. அண்ணனைக் கொன்ற நோய்க்கு மருந்து பிறந்தது.

அவர் அத்துடன் நிற்கவில்லை. ஃபோலிக் அமிலத்தைப் போலிருந்து அதன் வேலையைத் தடுக்கும் மருந்துகளை அவர் குழு உருவாக்கியது. இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு சிட்னி ஃபார்பர் அவற்றைக் கொடுத்தார். யானைக்கால் நோய்க்கான ஹெட்ரசான் மருந்தும் இக்குழுவின் படைப்பே.

1948-இல், 53-ஆம் வயதில் நியூயார்க்கில் காலமானார். தாயகம் திரும்பவே இல்லை.

கோல சிலாங்கூர் வட்டாரத்து அரசு கிளினிக்குகளில் கர்ப்பிணிப் பெண்களுக்கு ஃபோலிக் அமில மாத்திரை கொடுக்கிறார்கள். அந்த மாத்திரை உறையில் சுப்பாராவின் பெயர் இருக்காது. நாமாவது அவரை நினைவில் வைத்திருப்போம்.