இன்னொரு ராமானுஜம்

கணித மேதை ராமானுஜம் என்றதும் எல்லோருக்கும் கும்பகோணம்தான் ஞாபகம் வரும். நான் எழுதுவது 9.1.1938 அன்று சென்னையில் பிறந்த சி.பி. ராமானுஜம் பற்றி. தகப்பனார் வக்கீல். லயோலாவில் பாதிரியார் ராசினிடம் கணிதம் படித்து, 1957ல் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். மம்ஃபோர்டு போன்ற உலகப் பிரசித்தர்களின் சொற்பொழிவுகளுக்குக் குறிப்பெழுதியவர் இவர்.

இவர் துறை இயற்கணித வடிவியல். சமன்பாடுகளை வடிவங்களாகப் பார்ப்பது. 1971ல் விசித்திரமான ஒரு பரப்பைக் கண்டுபிடித்தார். தட்டையான தளத்தைப் போலவே அதையும் ஒரு புள்ளியாகச் சுருக்கிவிடலாம். ஆனாலும் அது தளமல்ல. வித்தியாசம் முடிவிலியை நெருங்கும்போதுதான் பிடிபடும்.

புள்ளியியல் போதித்து ஓய்வுபெற்ற எனக்கு இதில் என்ன அக்கறை? நாணயத்தை 10 தடவை சுண்டி 7 தடவை தலை விழுந்தால், தலை விழும் வாய்ப்பு 0.7 என்று மதிப்பிடுகிறோம். கிடைத்த தரவை மிகச் சாத்தியமாக்கும் எண் அதுவே. இங்கே ஒரே விடை. மாதிரி சிக்கலானால் பல விடைகள் முளைக்கும். கம்ப்யூட்டர் குன்றின் உச்சியில் நின்றுகொண்டு மலையுச்சி என்று நினைத்துவிடும். அதனால் சிக்கலெண்களையும் சேர்த்து மொத்தம் எத்தனை விடை என்பது முன்கூட்டியே தெரிவது நல்லது. மாதிரியின் வடிவம் வழுவழுப்பாக இருந்தால் அந்த எண்ணிக்கை, குறியை விட்டுப் பார்த்தால், அதன் ஆய்லர் எண்ணே என்று 2013ல் ஜூன் ஹூ நிரூபித்தார். ராமானுஜம் புள்ளியியல் பக்கமே வந்தவரல்ல. ஆனால் இப்படி விளிம்பு திறந்த வடிவங்களின் இடவியலில்தான் அவர் 1971லேயே கைவைத்திருந்தார்.

1964 வாக்கிலேயே மனச்சிதைவும் கடும் மனச்சோர்வும் அவரைப் பிடித்துக்கொண்டன. வேலையை விட்டுவிடப் பலமுறை முயன்றார். 1965ல் சண்டிகரில் ஏற்ற பேராசிரியர் பதவி சில மாதங்களே நீடித்தது. நிலையம் அவரைக் கைவிடவில்லை. நான் குடியிருக்கும் ஸ்ரீராம்புரத்திலிருந்து மல்லேஸ்வரம் தாண்டினால் வரும் விஞ்ஞானக் கழக வளாகத்தில், அந்நாளில் நிலையத்தின் கிளை இருந்தது. அது பயன்முறைக் கணிதத்துக்கானது. அவர் துறையே இல்லை. இருந்தும் பெங்களூரில் இருக்க விரும்பினார் என்பதற்காக இடம் கொடுத்தார்கள். 27.10.1974 அன்று தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது 36.

சர்க்கரை வியாதியைக் கல்யாண வீட்டில் சத்தமாகப் பேசும் நாம், இந்த வியாதியை மட்டும் இன்னமும் ஜாதகக் கட்டத்துக்குள் ஒளித்து வைக்கிறோம். டாக்டரிடம் போவது கடைசியில்தான்.

1978ல் வெளியான நினைவு மலரில் மம்ஃபோர்டும் எழுதியிருக்கிறார். இத்தாலியில் ஜெனோவா கணிதத் துறையில் ஒரு கூடத்துக்கு ராமானுஜத்தின் பெயர் வைத்திருக்கிறார்கள்.