ஆசிரியர் ஆர்பாட் எலோ

சதுரங்கம் ஆடுவோர் நாவில் எலோ என்னுஞ் சொல் நாள்தோறும் வழங்குகின்றது. அதனைச் சில சொற்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்தமைத்த குறியீடென்று மயங்குவாரும் உளர். உண்மையில் அஃது ஒரு பௌதிக ஆசிரியரின் பெயராகும்.

ஆர்பாட் எலோ என்பார் 1903-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 25-ஆம் நாள், அந்நாளில் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசிற்கு உட்பட்டிருந்த ஒரு கிராமத்திற் பிறந்தார். உழுதுண்டு வாழ்ந்த பெற்றோர் 1913-ல் அவரை அழைத்துக்கொண்டு அமெரிக்காவிற் குடியேறினர். சிக்காகோ சர்வகலாசாலையிற் பட்டம் பெற்ற எலோ, 1926 முதல் 1969 வரை மில்வாக்கி நகரத்து மார்க்வெட் சர்வகலாசாலையிற் பௌதிகங் கற்பித்தார். ஓய்வு நேரத்திற் சதுரங்கம் பயின்று, விஸ்கான்சின் மாகாணப் போட்டியில் எட்டு முறை வாகை சூடினார்.

அமெரிக்கச் சதுரங்கச் சங்கத்தார் 1950 முதல் கென்னத் ஹார்க்னெஸ் என்பார் வகுத்த முறைப்படி ஆட்டக்காரர்க்குத் தர எண் அளித்து வந்தனர். அம்முறை சிலவேளைகளில் நியாயத்திற்கு முரணான முடிவுகளைத் தந்தது. அக்குறையைக் களைய எலோ முற்பட்டார்.

ஒருவர் எந்நாளும் ஒரே திறமையுடன் ஆடுவாரல்லர். ஒருநாள் மேம்பட்டும் ஒருநாள் தாழ்ந்தும் ஆடுவார். எனினும் அவ்வேற்றத்தாழ்வுகள் ஒரு நடுநிலையைச் சுற்றியே அமையும் என்று எலோ கொண்டார். ஆகவே, இருவர்தம் எண்களின் வேறுபாட்டைக் கொண்டு, அவரவர் பெறத்தக்க புள்ளிகளை முன்னரே கணிக்கலாம். எண்கள் சமமாயின் நூற்றுக்கு 50. ஒருவர்க்கு 200 மிகுதியாயின் அவர்க்கு ஏறத்தாழ 76. கணித்ததினும் மிகுதியாகப் பெற்றார் எண் உயரும். குறைவாகப் பெற்றார் எண் தாழும். வலியோரை வென்ற எளியோர்க்கு ஊதியம் பெரிது. எளியோரை வென்ற வலியோர்க்கோ அது சிறிது. பழம்புகழ் இக்கணக்கில் இடம்பெறுவதில்லை.

இம்முறையை அமெரிக்கச் சங்கம் 1960-லும், உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1970-லும் மேற்கொண்டன. உலக வீரர்தம் எண்களை எலோ பல்லாண்டு தம் கையாலேயே கணக்கிட்டு உதவினார். தம் ஆராய்ச்சியை 1978-ல் நூலாகவும் வெளியிட்டார். 1992-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 5-ஆம் நாள் மறைந்தார். அவர் காட்டிய நெறியைத் தழுவி, 2018-ல் உலகக் கால்பந்துச் சம்மேளனமும் ஆடவர் அணிகளை வரிசைப்படுத்தத் தொடங்கிற்று.

தேர்வில் எண் குறைந்ததென்று வாடும் மாணாக்கர் இதனைக் கருதுதல் வேண்டும். எலோ அளித்த எண் எவரையும் ஒரு படியில் நிலையாக நிறுத்தியதன்று; அடுத்த ஆட்டம் முடிந்தவுடன் அது திருத்தம் பெறும். நேற்றைய தோல்வியை இன்றைய உழைப்பால் ஈடுசெய்யும் வாயில் அதன்கண் என்றும் திறந்தேயுள்ளது.