மண்ணின் மாணாக்கர் அல்பேட் ஹோவாட்

உழவைப் பாடிய வள்ளுவர் ஏரினும் உயர்ந்த இடத்தை எருவுக்கு அளித்தார். அந்த எருவின் இயல்பை ஆராய்வதிலே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் ஓர் ஆங்கிலேயர். கூட்டெரு என்னும் சொல் இன்று பாடசாலைப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதனை ஆக்கும் முறையை ஒழுங்குற வகுத்த சேர் அல்பேட் ஹோவாட்டின் பெயரோ நம்மவரிற் பலர் அறியாதது.

அவர் 1873ஆம் ஆண்டு டிசெம்பர் 8ஆம் நாள் இங்கிலாந்தின் மேற்கெல்லையை அடுத்த சிறொப்ஷயரில் ஓர் உழவர் குடும்பத்திற் பிறந்தார். இலண்டனிலும் கேம்பிறிட்ஜிலும் விஞ்ஞானம் கற்று, 1899இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று, கரும்பு முதலிய பயிர்களைப் பற்றும் பங்கசு நோய்களை ஆராயும் உத்தியோகத்தில் அமர்ந்தார். ஆங்குத்தான் அவர் உள்ளத்தில் முதல் ஐயம் எழுந்தது. கண்ணாடிக் குழாயிலே நோயின் கூறுகளைக் காணலாம். கண்ட பரிகாரத்தைத் தாமே நட்டுப் பார்க்க அவருக்கு ஒரு சாண் நிலமும் இல்லை. பயிரொன்றையும் வளர்த்தறியாதவர் பயிர் வளர்ப்போனுக்குப் புத்தி சொல்வது எங்ஙனம்? இவ்வினா அவரை இறுதிவரை விடவில்லை.

1905இல் இந்திய அரசாங்கத்தின் பயிரியல் அறிஞராகப் பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். கேம்பிறிட்ஜில் தாவரவியல் ஆய்ந்தவரான கேபிரியெல் மத்தேயி என்னும் அம்மையார் அவருக்கு வாழ்க்கைத்துணையும் ஆராய்ச்சித்துணையும் ஆயினார். பூசாவிலே ஹோவாட்டுக்குச் சொந்தமாகப் பயிரிட நிலம் கிடைத்தது. அயலூர்க் குடியானவர்களின் வயல்களை உற்று நோக்கினார். அவர்கள் நஞ்சு தெளித்தாரல்லர். செயற்கை உரம் இட்டாரல்லர். எனினும் பயிர்கள் நோயின்றி நின்றன. அறிஞர் ஒருவர் இந்நிலையிற் செய்யத்தக்கது யாது? பலர் அதனைத் தற்செயல் என்று தள்ளியிருப்பர். ஹோவாட்டோ அவ்வுழவரைத் தம் ஆசிரியராகக் கொண்டார். பூச்சியையும் நோயையுங்கூட ஆசிரியர் என்றே எண்ணினார். பயிர் பொருந்தா நிலத்தில் நிற்கிறது, அல்லது மண் நலிந்திருக்கிறது என்பதை அறிவிக்க வந்தவை அவை என்பது அவர் கருத்து. ஐந்தாண்டு இவ்வாறு கற்றபின் 1910 அளவிலே மருந்துகளின் துணையின்றி நல்ல விளைவு காணும் வன்மை பெற்றார். அவருடைய உழவெருதுகள் வேலிக்கு அப்பால் நின்ற கோமாரி பற்றிய மாடுகளோடு மூக்குரசியும் நோயுறவில்லை என்று அவர் பன்முறை எடுத்துக்காட்டுவார். கேட்பதற்கு இனிய சான்றே. ஆயினும் சில எருதுகளைக் கொண்டு பெருங்கொள்கை நிறுவுதல் தருக்க நூலார்க்கு உடன்பாடாகாது.

1924இல் இந்தோர் நகரில் பயிர்த்தொழில் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவரானார். அவர் பெயரை நிலைநிறுத்திய இந்தோர் முறை இங்கேதான் உருப்பெற்றது. சீனத்துக் குடியானவர்கள் கழிவனைத்தையும் நிலத்துக்கே மீட்டுக் கொடுப்பதை விரித்துரைத்த அமெரிக்கர் கிங்கின் நூல் அவருக்கு வழிகாட்டியது. யஷ்வந்த் வாட் என்னும் இந்திய இரசாயன அறிஞர் உடனிருந்து உழைத்தார். பருத்திக் கட்டை போன்ற வன்மையான தண்டுகளை வண்டிப் பாதையிலே பரப்பிச் சில்லுகளின் கீழ் நசுங்கவிடுவர். பின் அவை மாடுகளுக்குப் படுக்கையாகும். அப்படுக்கையையும் களை, சருகு ஆகியவற்றையும் சாணத்தோடும், மூத்திரம் ஊறிய தொழுவ மண்ணோடும், சிறிது சாம்பலோடும் ஆழமில்லாக் குழியில் அடுக்கடுக்காக இட்டு நீர் தெளிப்பர். செடிப்பொருள் மூன்று பங்குக்குச் சாணம் ஒரு பங்கு. ஈரம் மிகுந்தாற் காற்றுப் புகாது நாறும். குறைந்தால் உக்காது உலர்ந்து கிடக்கும். மும்முறை புரட்டினால் ஏறக்குறைய மூன்று மாதத்திலே கரிய, உதிர்கின்ற எருவாகிவிடும். வேலை செய்வன பங்கசும் பற்றீரியாவுமே. மனிதன் அவற்றுக்கு வீடமைத்துக் கொடுப்பவன். வாட் அவர்களோடு சேர்ந்தெழுதிய நூல் 1931இல் வெளிவந்தது. அதனைக் காணக் கேபிரியெல் அம்மையார் இல்லை, 1930இலேயே மறைந்துவிட்டார்.

1931இல் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பியவர், அம்மையாரின் தங்கையார் லூயீஸை மணந்தார். 1934இல் ‘சேர்’ பட்டம் பெற்றார். 1937-38இல் இந்திய, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்துத் தம் முறையைப் பரப்பினார்.

அம்முறையைக் கேட்கும் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர், இதிற் புதுமை என்னவென்று வினவக்கூடும். பூவரசங்குழை தாழ்த்தலும், பனையோலை புதைத்தலும், இரவிலே ஆட்டுப்பட்டி மாட்டுப்பட்டி அடைத்தலும் இங்கு வழிவழி வந்த தொழில். வேலியிலே நின்ற கிளுவையும் முள்முருங்கையும் ஆட்டுக்கு உணவாகி, எருவாகி மண்ணை அடைந்தன. சுண்ணக்கல்லின்மேல் படிந்த செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைந்தது இவ்வுழைப்பினால்தான். ஹோவாட் செய்தது, இத்தகைய மரபறிவுக்குக் காரணம் கண்டு, அளவு வகுத்து, எங்குஞ் செய்யத்தக்க முறையாக்கியது.

ஆறில்லாத நம் குடாநாட்டிலே மழைநீர் சுண்ணக்கல்லிற் புகுந்து கிணற்றில் ஊறுகின்றது. தோட்டத்தில் மிகையாக இட்ட உரத்தின் நைத்திரேற்றும் உடன் இறங்குகின்றது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அது, உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையாகிய லீற்றருக்கு 50 மில்லிகிராமைக் கடந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மலக்குழிகளுக்கும் இதிற் பங்குண்டு. அளவு மீறி இட்ட சாணமுங்கூட இவ்வாறே நீரிற் சேரும் என்பதை இயற்கை எருவைப் போற்றுவோர் மறத்தலாகாது.

1940இல் வெளிவந்த ‘வேளாண்மை மரண சாசனம்’ எனத்தகும் நூலிலே ஹோவாட் செயற்கை உரத்தை வன்மையாகக் கண்டித்தார். மண் நலமும் பயிர் நலமும் மாந்தர் நலமும் ஒன்றே என்றார். தக்க ஒப்பீட்டுச் சோதனையின்றி உரைக்கின்றார் என்று அறிஞர் பலர் மறுத்தனர். மறுப்பில் நியாயமுண்டு, கழிவு மண்ணுக்கு மீளவேண்டும் என்ற அடிப்படையை அது அசைக்கவில்லை.

2021இல் நம் நாட்டில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிலே தடை நீங்குமுன் விளைவு குன்றிக் கமக்காரர் வருந்தினர். அதனைக் கண்டு கூட்டெருவே பயனற்றதென்பார் உளர். எருவாக்கக் குழையும் மாடும் ஆளும் காலமும் வேண்டும். ஹோவாட்டே பூசாவில் ஐந்தாண்டு கற்றவர். ஆணையொன்றால் ஒரு போகத்துள் மண்ணை மாற்றலாமென்ற எண்ணத்துக்கு அவர் வாழ்க்கையிற் சான்றில்லை.

அவர் 1947ஆம் ஆண்டு ஒக்டோபர் 20ஆம் நாள் காலமானார். லூயீஸ் அம்மையார் அவருடைய இந்திய வாழ்வை ஆராய்ந்து 1953இல் ஒரு நூல் வெளியிட்டார். தம் தமக்கையார் கேபிரியெலின் உழைப்பையும் அதில் இடம்பெறச் செய்தார்.